ஐநூறுக்கு மேல் வாங்கிய பெண்

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டுப் பிள்ளை பத்தாவது எழுதினாலும் மே மாதம் பெற்றோர் என்னைத் தேடி வந்துவிடுவார்கள். நான் படித்த பள்ளி அப்படி. கிருஷ்ணகிரியைத் தாண்டிப் போனால் வருகிற, விடுதியோடு சேர்ந்த பள்ளி. பதினொன்றாம் வகுப்பில் இடம் கேட்டு நான்கைந்து மாவட்டத்துப் பெற்றோர் அங்கே மொய்ப்பார்கள். "எவ்ளோ மார்க்குக்கு மேல எடுப்பாங்க? டெஸ்ட்டு கஷ்டமா இருக்குமா? உள்ள யாரையாவது தெரியுமா?" என்று கேட்பார்கள். கடைசிக் கேள்வி மட்டும் குரல் இறங்கி வரும். எல்லாவற்றுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்டுக்கொள்வேன். "உங்க புள்ள எழுதினது எந்த ஸ்டேட்டுப் பரீட்சை?" ஓசூரில் இது கேட்க வேண்டிய கேள்விதான். எதிரெதிர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மாநிலத்துப் பாடப் புத்தகத்தைச் சுமந்துகொண்டு ஒரே லிஃப்டில் இறங்கிப் போகிற ஊர் இது.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்க அன்றைக்கு யாரும் இருக்கவில்லை.

அப்பாவுக்குச் சொந்த ஊர் கல்லாவி, அம்மாவுக்குச் சிங்காரப்பேட்டை. கல்யாணமான கையோடு இரண்டு பேரும் பிழைப்புக்காக ஓசூர் வந்தவர்கள். அப்பா வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் சேர்ந்தார். அம்மா எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில் இருந்த ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். வாடகை குறைவு என்பதால் வீடும் அந்தப் பக்கமே அமைந்துவிட்டது. ஒரே ஷீட் கூரையின் கீழ் வரிசையாக அறைகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். லைன் வீடு என்போம். ரேஷன் கார்டும் ஓட்டும் கல்லாவியில், அப்பாவின் சம்பளம் ஓசூரில், என் பள்ளிக்கூடம் கர்நாடகத்தில். குழாயடியில் தெலுங்கு, வகுப்பில் கன்னடமும் இங்கிலீஷும், கதவைச் சாத்தினால் தமிழ். எல்லா ஊரிலும் ஜனங்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

லைன் வீட்டில் எனக்கு முன்னால் பத்தாவது முடித்த பெண்கள் எல்லோரும் அந்த வருடமே அம்மாவின் கம்பெனி வேனில் ஏறினார்கள். காலையில் வேன் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். தலையை முழுசாகக்கூடப் பின்னாமல் ஓடுவார்கள். அம்மாவுக்கு அவர்கள் எல்லோரையும் பிடிக்கும், டப்பாவில் இருக்கிற சோற்றைப் பகிர்ந்து சாப்பிடுவாள். ஆனால் அந்த வேனில் நான் ஏறிவிடக் கூடாது என்பதில் அவளுக்கு ஒரு வெறியே இருந்தது. நான் பாத்திரம் துலக்க உட்கார்ந்தால்கூட, "போய்ப் படி. இதெல்லாம் என்னோட போகட்டும்" என்று கையிலிருந்து பிடுங்கிவிடுவாள். அந்த வெறியில்தான் நான் படித்தேன். எனக்கென்று பெரிய ஆசை ஒன்றும் இருந்ததாக ஞாபகம் இல்லை.

ரிசல்ட் வந்தது. ஐநூற்று நாற்பத்திரண்டு. எங்கள் வகுப்பில் நான்தான் மூன்றாவது. அம்மா புடவையெல்லாம் நூல் துணுக்கோடு வேலையிலிருந்து வந்து நின்றவள், என் வாயிலிருந்து மறுபடி மறுபடி அந்த எண்ணைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கும்போதே முகம் வேறு மாதிரி இருந்தது. அவரோடு வேலை பார்க்கிற ஒருவரின் மகன் அந்தப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். அவர் சொன்னதை அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒப்பித்தார்.

"நானூத்தி எழுவதுக்கு மேல இருந்தா பரீட்சையே கெடையாதாம். நேரா சீட்டு. படிப்பு, சாப்பாடு, விடுதி எல்லாமே அவங்க பொறுப்பாம். அதுக்குக் கீழ இருந்தாத்தான் டெஸ்ட்டு வைப்பாங்களாம்."

"நம்ம பாப்பா எவ்ளோ?" என்றாள் அம்மா, தெரியாதவள் மாதிரி.

"ஐநூத்தி நாப்பத்திரண்டு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். கல்யாண போட்டோவில்கூட அவர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அம்மா மனக்கணக்குப் போட்டுவிட்டு, "எழுவது மார்க்கு சும்மா குடுக்கறோம் அவங்களுக்கு" என்றாள்.

எத்தனைக்கு எத்தனை என்று யாருமே கேட்கவில்லை. கர்நாடகத்தில் பத்தாம் வகுப்புக்கு மொத்தம் அறுநூற்று இருபத்தைந்து. தமிழ்நாட்டில் ஐநூறு. அப்பாவும் அம்மாவும் பத்தாவது வரைக்கும் போகாதவர்கள், அவர்களுக்கு இரண்டுமே தெரியாது. நான் படித்தவள், எனக்கு ஒன்று தெரியும். வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்பது எப்படி எல்லா ஊருக்கும் பொதுவோ, அப்படிப் பத்தாவதுக்கு அறுநூற்று இருபத்தைந்து என்று இருந்துவிட்டேன்.

கல்லாவியில் இருந்த பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. அவர் பிள்ளைகள் அங்கே உள்ளூரில் படித்தவர்கள். போனில் அம்மாவிடம், "ஐநூறுக்கு மேல எப்பிடிம்மா போட்டாங்க?" என்று கேட்டிருக்கிறார். அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "நல்லா எழுதினா போடுவாங்க மாமா" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகு எங்களிடம், "வயித்தெரிச்சல். தன் புள்ளைங்க வாங்கலையாம்" என்றாள். பெரியப்பா பாவம், நல்ல மனுஷர். கர்நாடகத்தில் மார்க் தாராளமாகப் போடுவார்கள் போலிருக்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு இளகிவிடும். அவ்வளவு சந்தோஷமாக எங்கள் வீடு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. குழாயடியில் எனக்கு முதல் குடம் விட்டுக்கொடுத்தார்கள். பக்கத்து அறைத் தெலுங்குக்கார அக்கா தினம் ஏதாவது ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பார். அப்பா டீக்கடையில் என்னைப் பற்றிப் பேசிவிட்டு வந்து, யார் யார் என்னென்ன கேட்டார்கள் என்று அம்மாவிடம் வரிசையாகச் சொல்வார். அம்மா எனக்கு மூன்று செட் சுடிதார் தைத்தாள். நாளெல்லாம் கம்பெனியில் வேறு யாருக்கோ சட்டைக் காலர் தைத்துவிட்டு வந்து, வீட்டில் பழைய மெஷினை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அளவெடுக்கும்போது என்னை ஒரு சுற்று சுற்றவைத்துப் பார்த்து, "மெலிஞ்சு போய்டாதடி அங்க போய்" என்பாள். தகரப் பெட்டி, வாளி, சோப்பு டப்பா, பாய் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அறையின் மூலையை அடைத்தன. நாங்கள் மூன்று பேரும் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கிப் படுத்தோம்.

அந்தச் சந்தோஷத்தில் அம்மா இன்னொரு காரியமும் செய்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் பதினொன்றாம் வகுப்பையே கல்லூரி என்பார்கள். அப்படி ஒரு கல்லூரியில் எனக்கு இடம் தருவதாகச் சொல்லி, பணம் கட்ட ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். அம்மா நேரில் போய், வேண்டாம் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வந்தாள். சும்மாவா வந்தாள்? "எங்க பாப்பாவுக்கு இதவிடப் பெரிய எடத்துல கெடச்சிருச்சு" என்று காத்திருந்தவர்கள் காதில் விழும்படியும் சொல்லிவிட்டு வந்தாள். அந்த இடத்தை அன்றைக்கே வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்.

சேர்க்கை நாளன்று அப்பா லீவு போட்டார். ஓசூர் வந்து பஸ் மாறினோம். கிருஷ்ணகிரி வரைக்கும் சாலையோரம் மாம்பழக் குவியல்கள். பெட்டியை மடியிலும் காலடியிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு போனோம். பள்ளி மைதானத்தில் இரண்டு சாமியானா போட்டிருந்தார்கள். ஒன்றில் நேரடிச் சேர்க்கை, மற்றதில் தேர்வு எழுத வந்தவர்கள். அம்மா தேர்வுக் கூட்டத்தை இரக்கத்தோடு பார்த்துவிட்டு எங்களை நேரடி வரிசைக்கு நடத்திக்கொண்டு போனாள்.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரு அம்மா மகனோடு நின்றிருந்தார். நல்ல பட்டுப்புடவை, கையில் விசிறி. "பொண்ணு எவ்ளோங்க?" என்று விசாரித்தார்.

"ஐநூத்தி நாப்பத்திரண்டுங்க" என்றாள் அம்மா. சாதாரணமாகச் சொல்வது போலத்தான் சொன்னாள், ஆனால் முன்னால் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஐநூறே முழு மதிப்பெண்ணாக இருக்கிற ஒரு வரிசையில் அப்படியொரு எண்ணை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். யாரோ, "வேற போர்டா இருக்கும்" என்றார்கள். விசிறி அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மகன் பக்கம் திரும்பி, "பாத்துக்க. படிப்புன்னா இது" என்றார். அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது. நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மேஜையில் உட்கார்ந்திருந்த ஆசிரியர் என் மதிப்பெண் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். பேனாவை வைத்தார். கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார்.

"இது அறநூத்தி இருவத்தஞ்சுக்கும்மா. ஐநூறுக்கு மாத்தினா நானூத்தி முப்பத்து மூணு வருது. நேரடியா எடுக்க முடியாதே."

அம்மாவுக்குப் புரியவில்லை. "இல்லீங்க சார், ஐநூத்தி நாப்பத்திரண்டு. நல்லாப் பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினாள். அவர் மறுபடி விளக்கினார். அப்பா என்னிடம் குனிந்து, "மொத்தம் எவ்ளோ பாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா தலையை ஆட்டிவிட்டுப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அம்மா விடுவாளா? அவர் பேச்சில் கன்னட வாடை இருப்பதைப் பிடித்துக்கொண்டு, எந்த ஊர் என்று கேட்டாள். கர்நாடக எல்லையோரத்துத் தளி என்றார். உடனே கன்னடத்துக்கு மாறிவிட்டாள். கார்மென்ட்ஸில் சூப்பர்வைசரிடம் அரை மணி முன்னால் விடச் சொல்லிக் கெஞ்சுகிற அதே குரலில், "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி சார்" என்றாள். கொஞ்சம் பார்த்து விட்டுக்கொடுங்கள் என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் பஸ் சீட்டிலிருந்து கோர்ட்டு வரைக்கும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வாக்கியத்தைப் போட்டுப் பார்ப்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டு கன்னடத்திலேயே பதில் சொன்னார். மார்க்கில் அட்ஜஸ்ட் செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் நானூற்று முப்பதுக்கு மேல் இருந்தால் மதியம் தேர்வு எழுதலாம். தேர்விலும் நல்ல மதிப்பெண் வந்தால் அதே சலுகைதான். மீதமிருக்கும் இடங்களுக்கு ஆட்களை மதிப்பெண் வரிசையில் சாயங்காலம் மைக்கில் கூப்பிடுவார்கள். எழுதட்டும், நம்பிக்கையோடு இருங்கள் என்றார்.

நாங்கள் வரிசையை விட்டு வெளியே வந்தோம். பெட்டி, வாளி, பாய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அத்தனை பேர் முன்னால் மறுபடி நடந்தோம். விசிறி அம்மாவைத் தாண்டும்போது அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"அதான பாத்தேன்."

தேர்வுச் சாமியானாவில் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்த கல்லூரி அவள் கண்ணில் நின்றிருக்க வேண்டும். எனக்கோ தெருமுனையில் வேன் ஹாரன் அடிப்பது கேட்டது. அப்பா எங்களைத் தேற்றப் பார்த்தார். "எங்க கம்பெனில அளவு கொஞ்சம் தப்பிட்டா உடனே தூக்கிப் போட மாட்டாங்க பாப்பா. ரிவொர்க்னு தனியா ஒரு தட்டுல வெப்பாங்க. சரி பண்ணி திரும்ப அனுப்புவாங்க."

"பெத்த புள்ளையப் போயி போல்ட்டு நட்டோட சேக்கறீங்களே" என்று அம்மா அவர் மேல் பாய்ந்தாள். பாய்ந்ததில் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. எழுந்து, கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரித்து எனக்கு ஊட்டப் பார்த்தாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

தேர்வுக் கூடத்துக்குப் போகிற வழியில் பெண்கள் விடுதி இருந்தது. காலையில் சேர்ந்துவிட்ட பெண்கள் வராந்தாவில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். சுவரில் விதிகள் எழுதியிருந்தன. போன் கிடையாது. மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெற்றோர் வரலாம். இத்தனை நாளாக அந்தப் பள்ளியைப் பற்றிப் பேசினோமே, அங்கே அம்மா இருக்கமாட்டாள் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தபோது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. நன்றாக எழுதாமல் விட்டால் என்ன? ஒருவரும் என்னைத் திட்ட முடியாது. காரணம் கையில் தயாராக இருக்கிறது. புத்தகம் வேறு, மாநிலம் வேறு, மொத்தமே வேறு. ராத்திரிக்குள் லைன் வீட்டுக்குப் போய்விடலாம், மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடலாம். வேன் வந்தால் வரட்டும், அம்மாவும் அதில்தானே இருப்பாள். அந்த நிமிஷம் அது எனக்கு நல்ல வாழ்க்கையாகவே தோன்றியது. முதல் பக்கத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அந்த விசிறியும் அந்தக் குரலும் ஞாபகத்துக்கு வந்தன. அதான பாத்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்னைச் சொன்னதற்கு இல்லை. இரண்டு வாரமாகக் குழாயடியில் தலை நிமிர்ந்து நின்ற என் அம்மாவை வாளியும் கையுமாக நடக்க வைத்துவிட்டு, பின்னால் அப்படிச் சொன்னதற்கு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். அறிவியலில் இரண்டு கேள்வி நான் கேள்விப்படாத பாடம். மற்றதெல்லாம் எந்த மாநிலத்துக்கும் பொதுவான கணக்குதான். கணக்கில் எனக்குக் கை ஓடும். பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினேன். இன்றைக்கு என்னை நன்றாகப் படித்தவள் என்று யாராவது சொன்னால், அதில் பாதி கோபம் என்று எனக்குத் தெரியும்.

சாயங்காலம் மைக்கில் பெயர் வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு மூலை எழுந்து கத்தியது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன. அப்பா வாளியின் பிடியைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். இனி இல்லை என்று நான் முடிவு செய்து, நிம்மதியா துக்கமா என்று தெரியாமல் மூச்சு விட்டபோது என் பெயர் வந்தது. அம்மா கத்திய கத்தலில் தேர்வுச் சாமியானா மொத்தமும் எங்களைப் பார்த்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தளி ஆசிரியர்தான் வந்து வாழ்த்தினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பெட்டிய விடுதிக்குக் கொண்டு போங்க. நாளைக்கு வகுப்பு ஆரம்பிக்குது" என்றார்.

"இன்னிக்கேவா?" என்றாள் அம்மா.

பெட்டியோடு வந்தவள் கேட்கிற கேள்வியா? காலையில் அவள் என்னை விட்டுவிட்டுப் போகத்தான் வந்தாள். ஆனால் மதியத்துக்கு மேல், என்னைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகப் போகிறோம் என்று மனசுக்குள் தீர்மானித்துவிட்டாள் போலிருக்கிறது. "ஒரே ஒரு நாள் சார். வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கே கொண்டாந்து விட்டுடறேன். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கெஞ்சினாள். காலையில் என்னை உள்ளே விடச் சொன்ன அதே ஆளிடம் இப்போது வெளியே விடச் சொன்னாள். அவருக்குச் சங்கடமாக இருந்தது. இன்றைக்கு விடுதியில் சேராவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்றார்.

அங்கே இரண்டு வருடம், பிறகு கோயம்புத்தூரில் கல்லூரி, பிறகு சென்னையில் வேலை. ஓசூருக்கு நான் திரும்பி வந்தபோது லைன் வீட்டை இடித்துக் குடோன் கட்டியிருந்தார்கள். நடுவில் லீவுக்குப் போனபோதெல்லாம் அம்மா எனக்குத் தனித்தட்டில் நிறைய பரிமாறுவாள், பாயை நடுவில் விரித்துக் கொடுப்பாள். அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் நான் விருந்தாளிதான். அப்படி ஆகப் போகிறது என்று எனக்கு அன்று தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அன்று சாயங்காலம், விடுதியின் இரும்புக் கேட்டு வரைக்கும்தான் பெற்றோர் வரலாம் என்றார்கள். அப்பா பெட்டியை உள்ளே தள்ளி வைத்தார். அம்மா என் சுடிதாரின் தோள் தையலைச் சரிசெய்தாள். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. கடைசி பஸ் போய்விடும் என்று அப்பா அவளைக் கூப்பிட்டார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவை நோக்கி நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் நடந்தேன்.

"பாப்பா!"

திரும்பினேன். அம்மா கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழுதுகொண்டே, கோபமாக, யாருக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்பது போலச் சொன்னாள்.

"ஒரு ரெண்டு கணக்காவது தப்பாப் போட்டிருக்கக் கூடாதாடி?"